ஜூடி சிகாகோவின் தட்டுகள்: ஒரு திருத்தம்

வரலாற்றுப் பெண்களுக்கு ஆளுக்கொரு தட்டு வைத்து விருந்து மேசையாக அமைந்த கலைப்படைப்பு 'டின்னர் பார்ட்டி'. அதன் 39 பீங்கான் தட்டுகளையும் அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர் ஜூடி சிகாகோ ஒற்றை ஆளாகச் செய்தார் என்றும், அனைத்தும் ஒரே பெண்ணுறுப்பு வடிவம் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1974 முதல் 1979 வரை நீண்ட அப்பணியில், வடிவமைப்பு அவருடையதாக இருந்தபோதிலும், பீங்கான் வேலையிலும் தட்டுகளுக்கடியில் விரித்த துணிகளின் தையலிலும் நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், உழைத்தார்கள். பெண்கள் மண் பிசைந்து பானை உலர்த்தினாலும் பெயர் சக்கரம் சுற்றியவருக்கே போகும் குயவர் வீடுகளை நம் குமரி மாவட்டத்தில் கண்டிருக்கும் நாம், உடனுழைத்தோரை மறைத்துவிடக் கூடாது.

பெரும்பாலான தட்டுகளில் வண்ணத்துப்பூச்சியும் மலரும் பெண்ணுடலும் கலந்த வடிவங்கள் உள்ளன என்பது உண்மை. ஆயினும் இசையமைப்பாளர் எதெல் ஸ்மைத்துக்குப் பியானோவும், அடிமைமுறையை எதிர்த்த சோஜர்னர் ட்ரூத்துக்கு மூன்று முகங்களும் அமைந்துள்ளன. கறுப்பினப் பெண்ணான ட்ரூத்துக்கு அவ்வுடல்வடிவம் மறுக்கப்பட்டது குறித்து எழுந்த விமர்சனம் எனக்கு நியாயமாகவே படுகிறது.