அரிசி டப்பாவுக்குள் போன்

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொன்னால் போதும், கேட்பவர் யாராக இருந்தாலும் முதலில் சொல்வது அரிசிதான். அரிசி வெளியே, தண்ணீர் உள்ளே, சிப்புகள் பதிந்த சர்க்யூட் போர்டில். அது எப்படி உறிஞ்சும்? அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. யார் கேட்கிறார்கள்? உடனே அணைத்து, பிரித்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டிய போர்டு, டப்பாவுக்குள் நிம்மதியாகப் பச்சைக் களிம்பு பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் இந்த ஐபி68, அதாவது தூசியும் தண்ணீரும் எளிதில் புகாது என்ற தரக்குறியீடு. விளம்பரத்தில் போன் நீச்சல் குளத்தில் குதிக்கும். வாரன்டி தாளிலோ, தண்ணீர் புகுந்தால் கிடையாது! சோதனை நல்ல தண்ணீரில்தான் நடந்ததாம். சோப்புத் தண்ணீரும் கடல் நீரும் கணக்கில் இல்லை.

சர்வீஸ் சென்டரில் டார்ச் அடித்து, உள்ளே தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் சிவந்திருப்பதைப் பார்த்தவுடனே தீர்ப்பு: "போர்டு மாத்தணும் சார். டேட்டா போயிடும்."

எனக்கு வேண்டியதே அந்த டேட்டாதான் ஐயா! மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படிக்கவும் முடியாது. இப்போதைய போன்களில் டேட்டா எல்லாம் என்கிரிப்ட் ஆகி, அதாவது ரகசியக் குறியீடாக மாறி, அதைத் திறக்கும் சாவி ப்ராசஸரோடு பூட்டிக் கிடக்கிறது. பழைய போர்டையே ஒருமுறையாவது உயிர்ப்பிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் சின்னக் கடைகளில் மைக்ரோஸ்கோப்போடு உட்கார்ந்திருக்கிறார்கள். சர்வீஸ் சென்டர்காரர் அதைச் சொல்வாரா? 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்க மட்டும் மறக்கமாட்டார்.