விருதுப் பட்டியல் போதும், வேலையைச் சொல்லுங்கள்

டெல்லியில் ஆசிரியர் கல்வித் துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்டு ஓய்வுபெறும் தமிழ்ப் பேராசிரியை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் விருதுகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.எல்.எட். என்ற தொடக்கக் கல்விப் பட்டப்படிப்பில் அவர் கற்பித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

1994இல் அந்தப் படிப்பு தொடங்கியபோது பி.எட். என்பது பெரும்பாலும் ஓராண்டுச் சமாச்சாரம். 2015இல்தான் அது ஈராண்டானது. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு என்றால் அன்று பலர் சிரித்திருப்பார்கள். (ஒன்றாம் வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம் என்று நினைப்பவர்கள் டெல்லியின் கரோல் பாகிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு.)

என் நாத்தனார் மகள் அந்த பி.எல்.எட். படித்தவள். 52இல் 27ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளையை அவள் திட்ட மாட்டாள். ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான், அவனிடமும் ஒரு முறை இருக்கிறது என்பாள். பிள்ளையின் தவறை இப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் பேராசிரியை போன்றவர்களின் உண்மையான சாதனை.

பி.எல்.எட். படிப்பின் இடத்தில் இப்போது நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் வருகிறது. அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார்? அடுத்த பேட்டியிலாவது கேளுங்கள்.