வொண்டர் வுமனுக்கு இல்லாத தங்கச்சி

டிசி காமிக்ஸில் வொண்டர் வுமனின் தங்கச்சி மாதிரி வரும் 'வொண்டர் கேர்ள்' டோனா ட்ராயின் கதை தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்பவர்கள்மேல் தப்பே கிடையாது. நிறைய பேர் எழுதியதால் குழம்பிவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். பேட்மேனையும்தான் எத்தனையோ பேர் எழுதினார்கள். அவனுடைய அப்பா அம்மா இன்னமும் அதே சந்தில்தான் சுடப்பட்டுச் சாகிறார்கள். டோனாவுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? அவளுடைய பூர்வீகத்தில் கை வைத்தவர்களில் பலர் அவளுக்காகக் கை வைக்கவில்லை. வொண்டர் வுமன் டயானாவின் வீட்டுக் கூரை ஒழுகும்போதெல்லாம் இவள் வீட்டு ஓட்டைப் பிடுங்கிப் போட்டார்கள்.

ஆரம்பமே ஒரு கோளாறு. 'வொண்டர் கேர்ள்' என்பது முதலில் தனி ஆள் இல்லை, சின்ன வயசு டயானாதான். 1961-இல் வொண்டர் வுமன் கதைகளை எழுதிவந்த ராபர்ட் கேனிகர் ஒரு வேடிக்கை செய்தார். ராணி ஹிப்போலிட்டா மகளைக் குழந்தையாகவும் குமரியாகவும் எடுத்து வைத்திருந்த ஃபிலிம் சுருள்களை வெட்டி ஒட்டுகிறாள். குழந்தை, குமரி, பெரியவள் என்று மூன்று பருவத்து டயானாக்களும் ஒரே காட்சியில் சேர்ந்து சாகசம் செய்கிறார்கள். 'நடக்கவே முடியாத கதை' என்று அட்டகாசமாக அறிவித்துவிட்டே எழுதினார்கள். 1965-இல் 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' 60-ஆம் இதழில் பாப் ஹேனி டீன் டைட்டன்ஸ் என்ற இளம் நாயகர்கள் குழுவுக்கு ஒரு பெண் வேண்டுமென்று இந்த வொண்டர் கேர்ளைக் கூட்டிவந்து ராபின் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கவனித்துச் செய்தாரோ கவனிக்காமல் செய்தாரோ, டயானாவும் டயானாவின் இளமையும் ஒரே காலத்தில் இரண்டு புத்தகங்களில் நடமாட ஆரம்பித்தார்கள். ஃபிலிம் ஒட்டிப் பிறந்த பிம்பத்துக்குச் சம்பளம் போட்டு வேலை கொடுத்த மாதிரி.

நான்கு வருஷம் யாரும் கேட்கவில்லை. 1969-இல் டீன் டைட்டன்ஸ் 22-ஆம் இதழில் மார்வ் வுல்ஃப்மனும் கில் கேனும் பதில் சொன்னார்கள். தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து வொண்டர் வுமன் தூக்கிவந்த அநாதைக் குழந்தை இவள். டயானாவின் இனமான அமேசான் வீராங்கனைகள் வளர்த்தார்கள், அவர்களுடைய ஊதாக் கதிர் சக்தி கொடுத்தது. டோனா ட்ராய் என்ற பெயரும் சிவப்பு உடையும் அப்போது வந்தவைதான். சின்னக் கதை. ஆனால் இவளை வளர்த்தது யார், சக்தி எங்கிருந்து, டயானா சாயல் ஏன் என்ற மூன்று கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் இருந்தது. பின்னால் வந்த எந்தத் திருத்தத்தையும் இந்த மூன்றையும் கேட்டே உரசிப் பார்க்கலாம்.

அந்தக் கதையில் மிச்சமிருந்த ஒரே ஓட்டை, பெற்றவர்கள் யார் என்பது. 1984 ஜனவரி தேதியிட்ட நியூ டீன் டைட்டன்ஸ் 38-இல் வுல்ஃப்மனும் ஜார்ஜ் பெரெஸும் அதை எடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தான் யார் என்று தெரிந்துகொள்ள டோனா ஆசைப்படுகிறாள், ராபினாக இருக்கும் டிக் கிரேசன் தேடப் போகிறான். இதழ் முழுக்க வில்லன் கிடையாது. எரிந்த வீட்டில் அகப்பட்ட ஒரு பழைய பொம்மையைப் பிடித்துக்கொண்டு நூல் நூலாகப் போகிறான். பெற்றவள் டோரதி ஹின்க்லி, கல்யாணமாகாதவள், புற்றுநோயில் சாகப் போவதால் குழந்தையைத் தத்துக் கொடுக்கிறாள். வளர்த்த ஸ்டேசி தம்பதியில் கணவன் இறந்துபோக, மனைவி வறுமையில் குழந்தையை விட்டுக்கொடுக்கிறாள். அது குழந்தை விற்கும் கும்பல் கையில் சிக்குகிறது. அந்த இடம்தான் தீப்பிடித்தது. 1969 கதையின் ஒரு வரியைக்கூட அழிக்காமல் அதன் அடியில் தோண்டியிருக்கிறார்கள். கடைசியில் டிக் அவளை ஒரு கல்லறைக்குக் கூட்டிப்போகிறான். மீட்பதற்கு ஆள் இல்லை, அடிப்பதற்கும் ஆள் இல்லை. பழைய கதையைப் பிற்பாடு திருத்தும் ரெட்கான் என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

மூன்று வருஷம்தான் நிம்மதியாக விட்டார்கள். டிசி தன் கதை உலகத்தையே மாற்றியமைத்த 'கிரைசிஸ்' தொடர் முடிந்து 1987-இல் வொண்டர் வுமனைப் புதிதாகத் தொடங்கியபோது டயானா முதல்முறையாக மனிதர் உலகுக்கு அப்போதுதான் வருகிறாள். அப்படியானால் டைட்டன்ஸ் குழுவில் வருஷக்கணக்காக இருப்பவளைத் தீயிலிருந்து தூக்கியது யார்? அந்தப் புது வொண்டர் வுமனை எழுதி வரைந்தவரும் அதே பெரெஸ் என்பதுதான் கூத்து. 1988–89-இல் அவரும் வுல்ஃப்மனும் சேர்ந்தே ஒட்டுப்போட்டார்கள்: தூக்கியது ரியா என்ற கிரேக்கப் புராண டைட்டன், வெவ்வேறு உலகத்து அநாதைகள் பன்னிரண்டு பேரில் இவளும் ஒருத்தி, பெயர் ட்ராயா. பழைய நகரங்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்று 'ட்ராய்'க்கு விளக்கம் கொடுத்தது மட்டும் அழகு. மற்றபடி டயானாவோடு இருந்த உறவு அறுந்தே போனது.

அதை மறுபடி கட்ட 1998-இல் ஜான் பர்ன் செய்தது இன்னும் மோசம். விளையாட்டுத் துணைக்காக மந்திரத்தால் டயானாவைப் போலவே உண்டாக்கிய நகல் டோனா. டயானா என்று நினைத்து டார்க் ஏஞ்சல் என்ற வில்லி இவளைத் தூக்கிப்போய், ஒவ்வொரு வாழ்வும் துயரத்தில் முடியும்படி சபித்துவிடுகிறாள். டோரதி ஹின்க்லியின் கல்லறைக்கு அப்புறம் என்ன மரியாதை? 2003-இல் ஒரு சூப்பர்மேன் ரோபோ கையில் சாகடித்தார்கள். 2005-இல் எழுப்பி, பல உலகத்து டோனாக்களின் நினைவும் இவளுக்குள் இருக்கிறது, ஆகையால் எல்லாக் கதையும் உண்மை என்றார்கள். பஞ்சாயத்தில் எல்லாரையும் சமாதானப்படுத்தும் தீர்ப்பு. 2011-இல் டிசி எல்லாக் கதையையும் புதிதாகத் தொடங்கிய நியூ 52-இல் டயானாவுக்கு மாற்றாகக் களிமண்ணில் பிசைந்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாகப் படிக்கிறவர்கள் நியூ டீன் டைட்டன்ஸ் 38-இல் தொடங்கினால் போதும், 1969 கதையின் சுருக்கம் உள்ளேயே வந்துவிடும். அடுத்து கல்யாண இதழ். இங்கேதான் பலர் ஏமாறுவது. 41-ஆம் இதழிலிருந்து புத்தகத்தின் பெயர் 'டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ்' என்று மாறியது, எண்ணிக்கை தொடர்ந்தது. 1984-லேயே 'நியூ டீன் டைட்டன்ஸ்' என்ற பழைய பெயரில் இன்னொரு வரிசையும் 1-இலிருந்து கிளம்பியது. அந்த வரிசை 50-ஐத் தொடும்போது 'நியூ டைட்டன்ஸ்' ஆனது. ஆக 50 என்று இரண்டு இதழ்கள் உண்டு. 'டேல்ஸ்' 50-இல் டோனாவுக்குக் கல்யாணம், சண்டையே இல்லாத இதழ். 'நியூ டைட்டன்ஸ்' 50-இல் ரியா கதை ஆரம்பம். வாங்கும்போது எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், அட்டையில் உள்ள பெயரையும் பாருங்கள்.