கையில் ஸ்டீம் டேபிள் இருக்க, எதுக்கய்யா குறுக்குவழி?

10 பார், 250 டிகிரி செல்சியஸ் நீராவி 0.1 பார் வரை ஐசென்ட்ரோபிக்காக, அதாவது என்ட்ரோபி மாறாமல், விரிகிறது, வேலை எவ்வளவு? டர்பைன் கணக்குகளிலேயே பரம சாது இது. இதற்கும் மாணவர்களிடம் ஆளுக்கொரு விடை! தெர்மோடைனமிக்ஸ் தெரியாமல் இல்லை. ஸ்டீம் டேபிளில், அதாவது நீராவியின் பண்புகளை அச்சடித்த அட்டவணையில், ஒரு பக்கம் புரட்டச் சோம்பல், அவ்வளவுதான்.

சூப்பர்ஹீட் (கொதிநிலைக்கு மேல் சூடேறிய நீராவி) பக்கத்தைத் திறந்தால் h (என்தால்பி) 2942.6, s (என்ட்ரோபி) 6.925 என்று அச்சடித்தே கிடக்கிறது. 0.1 பாரில் sf (கொதிக்கிற தண்ணீரின் s) 0.649, sfg (அது முழுக்க ஆவியாகும்போது கூடுவது) 7.501. கழித்து வகுத்தால் x (கலவையில் ஆவியின் பங்கு) 0.837. hf 191.8, hfg 2392.8 போட்டால் h2 2193.7. வேலை கிலோவுக்கு 749 கிலோஜூல். முடிந்தது கதை.

ஆனால் அப்படிச் செய்ய மாட்டோமே! hg (கொதிநிலையில் உள்ள உலர் நீராவியின் h) எடுத்து, Cp (தன்வெப்பம்) 2.1 என்று வைத்து, கொதிநிலை 180-க்கு மேலிருக்கும் 70 டிகிரியால் பெருக்கிக் கூட்டுவோம். அந்த 2.1-ஐ யார் கல்லில் வெட்டி வைத்தது? 10 பாரில் 180-லிருந்து 200 டிகிரி வரை சராசரி Cp கிட்டத்தட்ட 2.5. 250 தாண்டி 300 வரை போனால்தான் 2.17-க்கு இறங்குகிறது. சாச்சுரேஷன் கோட்டுக்கு, அதாவது கொதிநிலைக்கு, பக்கத்தில் எங்கே அது சுத்தமாகப் பொருந்தாதோ, சரியாக அங்கேதான் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். h 2925, s 6.889 வருகிறது. வேலை 743. "ஆறுதானே வித்தியாசம்" என்று வாதம் வேறு. h, s இரண்டும் குறைந்ததால் பிழை தற்செயலாகக் கழிந்துபோனது ஐயா, அது திறமை இல்லை. டேபிளிலிருந்து h, சூத்திரத்திலிருந்து s என்று கலந்துகட்டிப் பாருங்கள்: 760! பாதியைச் சரியாக எடுத்தவனுக்கு முழுக்கத் தப்பாக எடுத்தவனைவிட மோசமான விடை.

இதில் s சூத்திரத்தின் மடக்கைக்குள் (log) கெல்வினுக்குப் பதில் செல்சியஸ் போடும் கூட்டம் தனி. s 7.28, x 0.88, டேபிள் h-ஓடு சேர்த்தால் வேலை 636. x ஒன்றுக்குக் கீழேயே இருப்பதால் சந்தேகமும் வராது.

அடுத்த கொடுமை இன்டர்போலேஷன், டேபிளில் இல்லாத மதிப்பை இரு வரிசைகளுக்கு இடையே கணிப்பது. சுருக்க டேபிளில் 1 பார் இருக்கும், 2 பார் இருக்கும், 1.5 இருக்காது. vg (ஒரு கிலோ உலர் நீராவியின் கன அளவு) 1.694-க்கும் 0.886-க்கும் நடுவே கோடு போட்டு 1.29 என்று எழுதுகிறார்கள். உண்மை 1.159. பதினொரு சதவீதம் அம்பேல்! அழுத்தம் ஏற ஏறக் கன அளவு ஏறக்குறைய தலைகீழ் விகிதத்தில் சரியும்போது நேர்கோடு எப்படி ஒட்டும்? 1/v எடுத்து இன்டர்போலேட் செய்து திருப்பிப் போட்டால் 1.163. கால்குலேட்டரில் கூடுதலாக மூன்று தட்டல். hg-க்கு நேர்கோடே போதும், 2.5 கிலோஜூல்தான் விலகும். எதற்கு எது செல்லும் என்று பார்க்க வேண்டாமா?

ஃபீட் வாட்டரை, அதாவது பாய்லருக்குள் பம்ப் செய்யும் தண்ணீரை, கேட்கவே வேண்டாம். 50 பார், 40 டிகிரி தண்ணீர் என்றால் 50 பார் வரிசைக்குப் போய் hf 1154 என்று எடுத்துவந்து நிற்கிறார்கள். அது 264 டிகிரியில் கொதிக்கிற தண்ணீரய்யா! 40 டிகிரி வரிசையில் hf 167.5, அதோடு vf (ஒரு கிலோ தண்ணீரின் கன அளவு) பெருக்கல் அழுத்த வித்தியாசம், 0.001008 × 5000, சுமார் 5. மொத்தம் 172.5. அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் போடணும். பாரிலேயே போட்டு 0.05 என்று எழுதினால் பம்ப் வேலையே காணாமல் போகும்.

கேள்வி எடுப்பவர்கள் மட்டும் யோக்கியமா? "பாய்லர் அழுத்தம் 9 பார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். கேஜா (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டும்), அப்சலூட்டா (அதையும் சேர்த்து மொத்தம்)? கேஜ் என்றால் அப்சலூட் 10, சாச்சுரேஷன் 179.9 டிகிரி. இல்லையென்றால் 175.4. "கண்டென்சர் வேக்யூம் 700 மி.மீ" என்று கொடுத்து பாரோமீட்டரை விட்டுவிடுவது அதைவிட அழகு. 760 என்று எடுத்தால் மிச்சம் 60 மி.மீ, அதாவது 0.08 பார். 750 என்றால் 50 மி.மீ, 0.067 பார். இரண்டு டேபிள் வரிசை, இரண்டு விடை, விடைத்தாளில் ஒன்றுக்கு மட்டும் மார்க். பாரோமீட்டர் அளவை எழுத அரை வரி போதுமே, அதற்கும் பஞ்சமா?