பரிதாபத்துக்கு ஒரு டிக்கெட்டா?

உக்ரைன் ஆர்கெஸ்ட்ரா வெளிநாட்டுல வாசிக்குதுன்னு ஒரு நியூஸ் வந்தா போதும், நம்ம ஆளுங்க ரெண்டு விதமா கிளம்பிடுவாங்க. "அங்க குண்டு விழுது, ஆம்பளைங்க இங்க ஃபிடில் வாசிச்சிட்டிருக்காங்களா"ன்னு ஒரு குரூப். ஐயோ பாவம்னு உச்சுக்கொட்ற குரூப் இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் ஜாஸ்தி கடுப்பு.

மொதல்ல அந்த ஆம்பளைங்க மேட்டர முடிச்சிடறேன். 2022ல உக்ரேனியன் ஃப்ரீடம் ஆர்கெஸ்ட்ராவ உருவாக்குனது கேரி-லின் வில்சன், ஆர்கெஸ்ட்ராவ வழிநடத்தற கனடா கண்டக்டர், பூர்வீகம் உக்ரைன். அகதியா வந்தவங்க, முன்னாடியே ஐரோப்பால வேலைல இருந்தவங்க, இன்னும் ஊர்லயே இருந்தவங்கன்னு கிட்டத்தட்ட 75 பேரு. 18லேர்ந்து 60 வயசு ஆம்பளைங்க நாட்ட விட்டு போகக்கூடாதுன்னு தடை இருந்தப்பவே அரசாங்கம் ஸ்பெஷல் பர்மிஷன் குடுத்துச்சு. ஓடிப்போகல சார், அனுப்பி வச்சாங்க. ஜூலை 28 வார்சால மொத கச்சேரி, 31ந்தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். அங்க பீத்தோவனோட ஃபிடெலியோங்கற ஒபேராலேர்ந்து (பாட்டாலயே நடக்கற நாடகம்) ஒரு பாட்டு, ஜெயில்ல கெடக்கற புருஷன மீட்க ஆம்பள வேஷம் போட்டு உள்ள போற பொண்ணு பாடறது. பாடுனது லியுட்மிலா மொனஸ்டிர்ஸ்கா, அதே வருஷம் நியூயார்க் மெட் ஒபேரா அரங்குல ரஷ்யப் பாடகி நெட்ரெப்கோவுக்கு பதிலா டூரண்டோட் ஒபேராவ பாடிட்டு உக்ரைன் கொடிய போத்திட்டு வந்து நின்னாங்களே, அவங்கதான்.

வாசிப்புல என்ன இருக்குன்னு இன்னும் கேட்டீங்கன்னா, உக்ரைன்ல கெர்சன்ங்கற ஊர்ல யூரி கெர்பட்டென்கோன்னு ஒரு கண்டக்டர். ஊர புடிச்ச ரஷ்யாக்காரங்க நடத்தற கச்சேரிக்கு வரமாட்டேன்னுட்டாரு. வீட்டுலயே சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு 2022 அக்டோபர்ல உக்ரைன் கலாச்சார அமைச்சகம் சொல்லுச்சு.

இப்போ உச்சுக்கொட்ற குரூப்புக்கு வர்றேன். கீவ் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 2022ல ஜெர்மனிக்கு டூர் வந்துச்சு, அப்புறம் கேரான்னு ஒரு சின்ன ஊர்ல கொஞ்ச காலம் தங்குச்சு. அவங்க தூக்கிட்டு வந்தது உக்ரைன் இசையமைப்பாளர் போரிஸ் லியாடோஷின்ஸ்கியோட மூணாவது சிம்பொனி. 1951ல கீவ்ல வாசிச்சாங்க, "சமாதானம் போர ஜெயிக்கும்"னு அதுல ஒரு வரி எழுதியிருந்தாரு, அதுக்கே சோவியத் ஆளுங்க குத்தம் கண்டுபுடிச்சிட்டாங்க. அந்த வரியும் போச்சு, கடைசி பகுதிய வெற்றி முழக்கமா மாத்தி எழுத வச்சாங்க, அதுக்கப்புறம்தான் 1955ல லெனின்கிராட்ல மேடை ஏறுச்சு. சிபாரிசே தேவையில்லாத சரக்கு இது, மொத நிமிஷத்துலயே பித்தளை வாத்தியமெல்லாம் சேர்ந்து மூஞ்சில அறையும், சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் பிடிச்சவங்களுக்கு கண்டிப்பா பிடிக்கும். ஆனா இவ்ளோ காலமா நம்மள மாதிரி ஆளுங்க காதுக்கு சாய்கோவ்ஸ்கிய தாண்டி அந்த பக்கத்துலேர்ந்து எவ்ளோ வந்துச்சு சொல்லுங்க.

கைதட்டறவங்க கொடிக்கு தட்டறாங்க, தப்பில்ல, ஆனா வீட்டுக்கு போய் லியாடோஷின்ஸ்கிய தேடிக் கேட்டவங்க எத்தன பேருன்னுதான் எனக்கு சந்தேகம். யூடியூப்ல இருக்கு, முக்கா மணி நேரம் ஆகும், கடைசி பகுதி ரெண்டு வெர்ஷன் உண்டு, பழசத் தேடிக் கேளுங்க.