லோன் தராத குழு

எங்கள் நூல்வேலைக் குழுவைப் பற்றி யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எவ்ளோ லோன் குடுப்பாங்க?" லோன் இல்லை என்றால், "மெஷின் குடுப்பாங்களா?" அதுவும் இல்லை என்றால், "சர்டிபிகேட்டாவது உண்டா?" மூன்றும் கிடையாது என்று சொன்னதும் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், ஏலச்சீட்டு நடத்திவிட்டு ஓடப்போகிறவளைப் பார்க்கிற மாதிரி.

கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதலில் வேர் பிடித்ததே எங்கள் மண்ணில்தான். 1989ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பழைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கினார்கள். கிருஷ்ணகிரி அப்போது எங்களோடுதான் இருந்தது, 2004ல்தான் தனியாகப் போனது. எங்கள் மாமியார் காலத்துப் பெண்கள் பேங்க் படியேறியதும், கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறியதும், ஆபீசர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் குழுக்களால்தான். அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் அதிலிருந்தே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. பெண்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் நடுவில் ஒரு நோட்டும் தீர்மானமும் இருக்க வேண்டும், கடைசியில் கைக்குக் காசு வர வேண்டும். வராவிட்டால் அது வெட்டிக் கூட்டம்.

நான் சொல்ல வருவது இதுதான். ஊசியும் நூலும் பிடிக்கிறவர்களுக்கு, விலையைப் பற்றிப் பேசாத ஓர் இடம் மாதத்தில் ஒரு நாளாவது வேண்டும். விற்பதில் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. அப்படி ஓர் இடம் இல்லாத ஊரில் விற்கிற பொருளும் நாளாக நாளாகச் சப்பென்று ஆகிவிடுகிறது, அதைத்தான் கண்ணால் பார்க்கிறேன்.

எங்கள் குழுவுக்குப் பதிவு எண்ணெல்லாம் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தருமபுரியில் ஒரு அக்கா வீட்டு மாடி. முகூர்த்த நாளாக இருந்தால் தள்ளி வைப்போம், இல்லாவிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள். குரோஷா போடுகிறவர்கள், துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் ஆரி போடுகிறவர்கள், பழைய சேலையைக் கிழித்து மிதியடி பின்னுகிறவர்கள், ஒயர் கூடைக்காரர்கள் என்று கலவையான கூட்டம். ஒயர் கூடையைச் சேர்ப்பதா என்று ஆரம்பத்தில் ஒரு சண்டையே நடந்தது. "அது பிளாஸ்டிக்குக்கா, நூல் வேலையா அது?" என்றாள் ஒருத்தி. எதிரில் இருந்தவர் ஒன்றும் பேசவில்லை. சிவன்கண் முடிச்சில் பாதி போட்டிருந்த கூடையை எடுத்து அவள் மடியில் வைத்து, "அடுத்த வரிசையை நீ போடும்மா" என்றார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை. நெல்லிக்காய் முடிச்சையும் சிவன்கண்ணையும் கணக்குத் தப்பாமல் போடுகிற கைக்கு நூலென்ன, ஒயரென்ன.

எழுதப்படாத விதிகள் இரண்டு. ஒருவர் செய்ததைக் காட்டும்போது "எவ்ளோவுக்குக் குடுப்பீங்க?" என்று யாரும் கேட்கக்கூடாது. இரண்டாவது, பொருளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டியே ஆக வேண்டும். முதல் விதியைவிட இரண்டாவதற்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். முன்பக்கத்தை வாட்ஸ்அப்பில் போட்டு லைக் வாங்கிவிடலாம். நூல் எங்கே தாவியிருக்கிறது, எங்கே முடிச்சுப் போட்டு மறைத்திருக்கிறது, எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். கடைக்காரர் அதைப் பார்க்கமாட்டார், வாங்குகிறவர்களும் பார்க்கமாட்டார்கள். அதே வேலையைச் செய்கிற இன்னொருத்திதான் பார்ப்பாள்.

இளம்பெண்களில் முக்கால்வாசி ஆரி போடுகிறவர்கள். இன்று தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஆரி ஸ்டாண்ட் நிற்கிறது. கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் என்றால் கையிலும் முதுகிலும் கல், மணி, ஜர்தோசி, சமிக்கி என்று இடம் விடாமல் நிரப்ப வேண்டும். டிசைனை டிரேஸ் பேப்பரில் குத்தி, பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியில் தேய்த்து இறக்கி, கோட்டின் மேலேயே ஊசி போகும். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மயிலையும் யானையையும் அவள் தேர்ந்தெடுத்ததில்லை. போனில் வந்த படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டிருப்பார்கள். பக்கத்துத் தெருக்காரிக்கும் அதே படம் வந்திருக்கும். மூன்று வருடமாக ஆரி போடுகிற ஒரு பெண் எங்களிடம் வந்தபோது, "உனக்குப் பிடிச்சதா ஒண்ணு போடு" என்றோம். துணியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மாவே இருந்தாள். கை நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த மாதம், அவள் வீட்டு வாசலில் நிற்கிற முருங்கை மரத்தின் காய்கள் தொங்குகிற ஒரு கிளையைச் சங்கிலித் தையலிலேயே போட்டுக் கொண்டுவந்தாள். கல்லும் இல்லை, சமிக்கியும் இல்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வேன் பிடித்துச் சிட்லிங்கிக்குப் போனோம். அரூர் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் கிடக்கிற பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993ல் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கிய கதை பலருக்குத் தெரியும். லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி அங்கே மறுபடி உயிர் பெற்ற கதை அவ்வளவாகத் தெரியாது. தண்டா என்கிற அவர்கள் குடியிருப்புகளில் அந்த எம்பிராய்டரி உடை உடுத்துவதே நின்றுபோய், தையல் தெரிந்தவர்கள் வயதான சில பெண்கள் என்ற நிலையில், 2006 வாக்கில் அவர்களிடம் உட்கார்ந்து இளையவர்கள் கற்கத் தொடங்கினார்கள். இன்று போர்கை என்ற பெயரில் அவர்களே நடத்துகிற அமைப்பு இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் விளைந்த பருத்தித் துணியிலேயே வேலை செய்கிறார்கள், விற்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள்.

எங்கள் ஆரிப் பெண் அங்கே ஒரு துணியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். "டிரேஸ் எங்கக்கா?" துணியைக் கொடுத்த அம்மா சிரித்துவிட்டு, "துணியிலேயே இருக்கு, எண்ணிக்கோ" என்றார். துணியில் நீளவாக்கில் ஓடுகிற பாவிழையையும் குறுக்கே ஓடுகிற ஊடிழையையும் எண்ணி எண்ணி ஊசியைப் போடுகிற வேலை அது. கோடும் இல்லை, பென்சிலும் இல்லை. பின்பக்கம் முன்பக்கத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. வேனில் திரும்பும்போது அவள் தன் துப்பட்டாவின் இழைகளை நகத்தால் எண்ணிக்கொண்டே வந்தாள்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், போர்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வருமானத்தில் ஆரம்பித்து வருமானத்தில் முடிக்கிறார்கள். வருமானம் வந்தது உண்மை, வர வேண்டியதும்தான். ஆனால் பாட்டிகளோடு உட்கார்ந்து ஒரு தையலை அவிழ்த்து, மறுபடி போட்டு, மறுபடி அவிழ்த்த காலத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குக் கூலி யார் கொடுத்தாலும் சரி, அந்தக் காலம் இல்லாமல் விற்பதற்குப் பொருளே வந்திருக்காது.

எங்கள் மாவட்டங்களில் மூலப்பொருளுக்குக் குறைச்சலே இல்லை. தருமபுரி அங்காடிக்கு வந்து இறங்குகிற பட்டுக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். பட்டுப்புழு இனங்களையும் மல்பெரி ரகங்களையும் பாதுகாக்கிற மத்திய பட்டு வாரிய மையமே ஓசூரில் இருக்கிறது. பர்கூர் ஜவுளிக் கடைகளில் துணி மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. கூடு விளைகிறது, துணி விற்கிறது, நடுவில் நூல் என்று ஒன்று இருப்பதே எங்கள் கண்ணில் படுவதில்லை.

பாலக்கோடு பக்கத்திலிருந்து வருகிற ஓர் அம்மா வருடக்கணக்காகப் புழு வளர்க்கிறார். இலை ஈரமாக இருந்தால் என்ன நோய் வரும், புழு எப்போது தோலுரிக்கும், எந்த நாற்றம் அடித்தால் மனையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கூட்டிலிருந்து இழை வருவதை அவர் பார்த்ததே இல்லை. கூடு அங்காடிக்குப் போகும், பணம் வரும், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு, மாடியில் ஸ்டவ் வைத்து வெந்நீரில் வெண்பட்டுக் கூடுகளைப் போட்டோம். பசை இளகியதும் தென்னந்துடைப்பக் குச்சியால் லேசாகத் தட்டித் தட்டி நுனி தேட வேண்டும். முதலில் வருவதெல்லாம் பஞ்சு மாதிரிச் சிக்கல்தான். அதை எடுத்து எறிந்தால் ஒற்றை இழை வரும். கூடு தண்ணீரில் குதித்துக் குதித்து உருளும், இழை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு கூட்டில் சுமார் 1000 மீட்டர். எட்டுப் பத்துக் கூட்டு இழைகளைச் சேர்த்தால்தான் நூல் என்று கையில் ஏதோ படும். அந்த அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன நாளா இத வெச்சிக்கிட்டா தூக்கம் கெட்டுக் கிடந்தேன்" என்றார். சந்தோஷத்தில் சொன்னாரா கோபத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வந்த கூட்டில் இப்படி இழை எடுக்க முடியாது, துண்டு துண்டாகிவிடும். அதைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு வேகவைத்து, அலசி, ஒவ்வொன்றாக விரித்துச் சதுரச் சட்டத்தின் நாலு மூலைக்கும் இழுத்து மாட்டினால் கைக்குட்டை மாதிரி மெல்லிய ஏடு கிடைக்கும். ஜப்பான்காரர்களின் வழி அது. காய்ந்தபின் நடுவில் ஓட்டை போட்டு இழுத்து இழுத்து நூலாக்கலாம். வேகும்போது வருகிற நாற்றம் இருக்கிறதே, கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். இன்னொரு தொல்லை, வயல் வேலை செய்த கையில் பட்டு ஒட்டிக்கொள்ளும். வெடிப்புகளில் இழை மாட்டி அறுந்துபோகும். தேங்காய் எண்ணெயில் சர்க்கரையைக் குழைத்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

சாயத்தில் எங்கள் ஆட்கள் பெரிய விஞ்ஞானிகள். மாவிலையும் படிகாரமும் போட்டு ஒரு மஞ்சள், கடுக்காயும் துருப்பிடித்த ஆணி ஊறின தண்ணீரும் சேர்த்து ஒரு கறுப்பு. மஞ்சள் தூள் மட்டும் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். பார்க்க ஜோராக இருக்கும், வெயிலில் காயப்போட்டால் போச்சு.

வெளிநாடுகளில் இது பழைய சமாசாரம். இங்கிலாந்தில் நெசவாளர்கள், நூற்பவர்கள், சாயம் போடுகிறவர்கள் ஆகியோரின் சங்கங்களுக்கு ஒரு கூட்டமைப்பு 1955லேயே வந்துவிட்டது. அமெரிக்கக் கைநெசவாளர் சங்கம் 1969ல் தொடங்கியது. மாதாமாதம் கூடுவது, செய்ததைக் காட்டுவது, தறியை உறுப்பினருக்கு வாடகைக்கு விடுவது, புத்தகங்களை மாற்றிக்கொள்வது என்று நடக்கிறது. ஆட்டு மயிரைச் சிலர் நூற்க, ஒருவர் நெய்ய, சில மணி நேரத்தில் சால்வையாக்கிக் காட்டுகிற போட்டிகூட உண்டு, பாவு நூலை மட்டும் முன்கூட்டியே தறியில் ஏற்றிக்கொள்வார்களாம். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே மில் வந்து தறியைத் தொழிலிலிருந்து துரத்தியபின் அது பொழுதுபோக்கானது. இங்கே இன்றும் தறியில் சோறு தின்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய் "சும்மா ஆசைக்கு நெய்யுங்க" என்று சொன்னால் அடிக்க வருவார்கள், வரட்டும், நியாயம்தான்.

இதே நியாயத்தை எங்கள் குழுவிலேயே ஒருத்தி கேட்டாள். "ஞாயித்துக்கெழம சும்மா ஒக்காந்து பின்ன வசதி இருக்கிறவங்களுக்குத்தான்கா இது. எனக்கு ஒரு ஜாக்கெட் கூலி போவுது." பதில் சொல்ல முடியவில்லை. அவள் சில மாதம் வருவாள், சில மாதம் வரமாட்டாள். வராத மாதத்தில் என்ன நடந்தது என்று போனில் மட்டும் விடாமல் கேட்பாள். இந்த ஓட்டையை அடைக்க என்னிடம் வழி இல்லை. அதற்காக மாடியைப் பயிற்சி மையமாக மாற்றவும் நான் தயாரில்லை. பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன், எங்கே என்று கேட்காதீர்கள். வந்த எல்லாருக்கும் ஒரே நிறத் துணி, ஒரே அளவுப் பை, ஒரே பூ. கடைசி நாள் போட்டோ எடுத்தார்கள், அந்தப் பைகளில் எது யாருடையது என்று எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

போன வருடம் கம்பளி நெய்த குறும்பர் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்தோம். இப்போது எங்கள் ஊர்களில் அதிகம் தெரிகிற மேச்சேரி ஆட்டுக்கு முடி குட்டை, கறிக்கும் தோலுக்கும்தான் பேர் போனது, கம்பளிக்கு ஆகாது. கறுப்பு ஆட்டு மயிர் கொஞ்சம் தேடிப் பிடித்துக் கொடுத்தோம். பையிலிருந்து நூல் நூற்கிற தக்களியை எடுத்தார், பேசிக்கொண்டே நூற்றார். பாவு நூலுக்குப் போடுகிற புளியங்கொட்டைக் கஞ்சியை எந்தப் பதத்தில் காய்ச்ச வேண்டும் என்று அவர் சொன்னதை ஒரு பெண் போனில் ரெக்கார்டு செய்திருக்கிறாள். மயிர் தீர்ந்துபோனதால் பாதியில் நின்றது. அவர் மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே இரண்டு கோரிக்கை. கறுப்பு மயிர் ஆடு வைத்திருக்கிறவர்கள் யாராவது தெரிந்தால், மயிர் கத்தரிக்கிற நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விலைக்கே வாங்கிக்கொள்கிறோம். பரணில் தாத்தா காலத்துப் பெட்டி ராட்டை கிடந்தாலும் சொல்லுங்கள். நூல் சுற்றுகிற கதிர் வளைந்திருந்தாலும் பரவாயில்லை, சரி செய்ய எங்களிடம் ஆள் இருக்கிறது. ஓசூரோ ஊத்தங்கரையோ, நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.