நழுவிய முதுகெலும்பைத் தட்டி உள்ளே தள்ள முடியாது

தஞ்சை, திருவாரூர், நாகை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இடுப்பு எலும்பு நழுவினால் ஆபரேஷன் வேண்டாம், கால் விழுந்துவிடும். முதுகில் ஏறி மிதித்து, தட்டி ஒரே நாளில் சரிசெய்யலாம்." இரண்டுமே தவறு.

நழுவுவது பெரும்பாலும் நான்காவது அல்லது ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு. தேய்மானத்தாலோ பின்புற எலும்பு வளையத்தில் விழுந்த விரிசலாலோ அது முன்னால் நகர்கிறது. வெளியிலிருந்து அழுத்தினால் பழைய இடத்துக்குப் போகாது. ஏற்கெனவே நெருக்கப்பட்ட நரம்புதான் மேலும் நசுங்கக்கூடும்.

நின்றபடி பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் சில நழுவல்கள் தெரியாமலே போகும். கீழுள்ள எலும்பின் அகலத்தில் 25 சதவீதம் வரை நகர்ந்திருந்தால் முதல் நிலை, 50 வரை இரண்டாம் நிலை. நரம்பு நெருக்கத்தை எம்ஆர்ஐ காட்டும்.

முதலிரு நிலைகளில் பலருக்கு மாத்திரையும் பிசியோதெரபியுமே போதும். நாற்று நடவில் குனிவதையும் நெல் மூட்டை தூக்குவதையும் சில மாதம் நிறுத்தத்தான் வேண்டும். கூலிக்குப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அப்படியும் வலி குறையாவிட்டால், நழுவல் கூடினால், கால் பலம் குறைந்தால் அறுவை சிகிச்சை. நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்கி, திருகாணியும் கம்பியும் பொருத்தி, எலும்புத் துகள் வைத்து இரு எலும்புகளையும் ஒன்றாகச் சேரவிடுவார்கள். தொற்று, நரம்புக் காயம், எலும்பு சேராமை ஆகிய அபாயங்கள் உண்டு. ஆனால் கால் விழுவது அரிது.

சிறுநீர் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகமிருந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எலும்பு மருத்துவப் பிரிவில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.